அய்யூர் ஏரிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டைக்கு அப்பால், அய்யூர் காட்டில் ஒரு சின்ன ஏரி இருக்கிறது. ஊட்டி ஏரியை நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துவிடுவீர்கள். மூங்கிலும் தண்ணீரும் அமைதியும்தான் அங்கே விசேஷம்.

முதல் வேலை, தேன்கனிக்கோட்டை வனச்சரக அலுவலகத்தில் அனுமதி கேட்பது. "போகலாமா?" என்பதோடு நிறுத்தாமல், "இப்போ யானை எந்தப் பக்கம் நிக்குது?" என்றும் கேளுங்கள். ராகி முற்றும் பருவத்தில் பன்னர்கட்டா பக்கமிருந்து யானைகள் கூட்டமாக இறங்கும். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை புதியவர்கள் போகாமல் இருப்பதே நல்லது என்பேன்.

அடுத்தது சாமான். ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை சுமார் 25 கி.மீ. பெட்ரோல், சாப்பாடு, ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் எல்லாவற்றையும் தேன்கனிக்கோட்டையிலேயே முடித்துவிடுங்கள். வழியில் கிடைக்கும் என்று கிளம்பி, நாலு பேர் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பங்கு போட்ட அனுபவம் எனக்கு உண்டு. வரைபடத்தை முன்னாடியே போனில் இறக்கி வையுங்கள். டவரை நம்ப முடியாது.

இந்தப் பக்கம் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் புழங்கும். எதிரே வருகிறவர் கையை ஆட்டி "ஆனெ" என்றாலும் "ஏனுகு" என்றாலும் யானைதான். ஹாரன் அடிக்காமல் வண்டியைத் திருப்பிவிடுங்கள்.

ஏரிக்குப் போனதும் போட்டோ எடுக்க ஓடாதீர்கள். முதலில் கரையைப் பாருங்கள். லத்தி, அதாவது யானைச் சாணம், காய்ந்து நார்நாராக உதிர்ந்து கிடந்தால் பழசு. ஈரம் மினுங்கினால் யானை பக்கத்தில்தான் எங்கோ நிற்கிறது. ஒருமுறை சேற்றில் தாம்பாளம் அகலத்துக்கு ஒரு தடம். அதற்குள் தண்ணீர் அப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தது. கூட வந்த உள்ளூர் அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை, பைக்கைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். நாங்களும் பின்னாலேயே.

கரை சுத்தமாக இருந்தால், சரி, உட்காருங்கள். முக்குளிப்பான் பறவை எங்கே முங்கி எங்கே எழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாலே ஒரு மணி நேரம் போய்விடும். தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள், அடிச்சேறு காலை விடாது.

இம்மாவட்டக் காடுகளில் 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என்று இரண்டு சரணாலயங்கள் அறிவித்திருக்கிறார்கள். அடுப்பு மூட்டுவது, பாட்டுப் போடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

மூன்று மணிக்குக் கிளம்பிவிடுங்கள். சாப்பிட்ட இலையைக்கூடப் பையில் கட்டி எடுத்து வாருங்கள். அப்புறம், அந்தப் பையை ஹேண்டில்பாரில் தொங்கவிடாதீர்கள். புளிச்சோற்று வாசனைக்குக் குரங்கு வந்து நிற்கும்.