ரேஸ் வாக்கிங்குக்கு பசங்கள எப்படிப் புடிக்கிறது, எப்படி வளக்குறது

சனி ஞாயிறு காலையில பசங்களுக்கு ரேஸ் வாக்கிங், அதாவது ஓடாம வேகமா நடக்குற போட்டி, சொல்லிக்குடுக்குறவன் நான். பெத்தவங்க மொத மொதல்ல கேக்குறது எப்பவும் ஒரே கேள்விதான், "ஏன் தம்பி, நடக்குறதுக்குப் போயி கோச்சா?" இப்பல்லாம் நான் வாதாடுறதே இல்ல, ஒரு கணக்க மட்டும் சொல்லுவேன். ஜப்பான் வீரர் தொஷிகாசு யமானிஷி 2025ல 20 கிலோமீட்டர 1 மணி 16 நிமிஷம் 10 செகண்டுல நடந்து உலக சாதனை பண்ணாரு, கிலோமீட்டருக்கு 3 நிமிஷம் 48 செகண்ட் சொச்சம், அந்த வேகத்துல உங்க பையன் இங்க சிங்கப்பூர் ஸ்கூல்ல வைக்கிற நாப்ஃபா உடற்தகுதி டெஸ்ட்ல 2.4 கிலோமீட்டர நடந்தே 9 நிமிஷம் 10 செகண்டுக்குள்ள முடிச்சிரலாம், ஓடவே வேணாங்க. இதச் சொன்னா அம்மா அப்பா கொஞ்சம் யோசிப்பாங்க.

சரி, ஆள் தேடுறது. நெறைய பேர் பண்ற தப்பு, ஸ்கூல் கிராஸ் கன்ட்ரியில மொதல்ல வந்த பையன் பின்னாடி போறது. அவன ஏற்கனவே 1500, 3000 மீட்டர் ஓட்டத்துக்குப் புடிச்சு வச்சிருப்பாங்க, உங்ககிட்ட வரமாட்டான், வந்தாலும் தோத்துப் பழக்கமில்லாததால நடை தப்புன்னு ஜட்ஜ் போடுற ரெண்டாவது ரெட் கார்டுலயே மூஞ்சிய தூக்கி வச்சுக்குவான். நான் பாக்குறது எட்டாவதா பத்தாவதா வர்ற புள்ளைங்கள, அதுலயும் கடைசி 400 மீட்டர்லயும் தலை ஆடாம வர்றவங்கள. பரதநாட்டியம் ஆடுற பொண்ணுங்களயும் விடாதீங்க. அரைமண்டியில முட்டி மடங்கும், இங்க முட்டி மடங்கவே கூடாது, அதனால மொத மாசம் சிரிப்பா இருக்கும், ஆனா "இடுப்ப ரெண்டு இன்ச் உள்ள இழு"ன்னு சொன்னா அந்த ரெண்டு இன்ச் எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும், ஓட்டக்கார பசங்க பாதி பேருக்குத் தெரியாது.

ஒரு சின்ன டெஸ்ட். தரையில காலை நீட்டி உக்கார வைங்க, முட்டிக்குப் பின்பக்கத்த தரையோட அழுத்தச் சொல்லுங்க, முட்டி நேராகாம கொஞ்சம் தூக்கிக்கிட்டே நிக்கிதுன்னா அந்தப் புள்ளைக்கு இந்த விளையாட்டு கஷ்டம், நீட்டிப் பழக்கிப் பாக்கலாம் ஆனா பெரிய வாக்குறுதி குடுக்காதீங்க. அதுக்கப்புறம் ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்க, அடுத்த வாரம் அது ஞாபகம் இருக்கான்னு பாருங்க. எனக்கு ஸ்டாப்வாட்ச்ச விட இதுதான் முக்கியம்.

ஏன்னா ரூல் ரெண்டே ரெண்டுதான். ஒரு கால் எப்பவும் தரையில இருக்குற மாதிரி கண்ணுக்குத் தெரியணும், முன்னாடி வைக்கிற கால் தரையத் தொட்ட நொடியிலேர்ந்து உடம்புக்கு நேர் கீழ வர்ற வரைக்கும் முட்டி மடங்கக் கூடாது. மூணு வேற வேற ஜட்ஜ் ரெட் கார்டு போட்டா டிஸ்குவாலிஃபை, பெனால்டி ஜோன் வச்ச போட்டின்னா அதுல நிக்கணும், 10 கிலோமீட்டருக்கு 1 நிமிஷம், 20க்கு 2 நிமிஷம், அதுக்கப்புறம் இன்னொரு ஜட்ஜும் போட்டா வெளிய. அதனால டெக்னிக் தாங்குற அளவுக்கு மேல இருக்குற வேகம் வேகமே இல்ல.

மொத வருஷம் நான் டைம் எடுக்கமாட்டேன். செக் ஒன், செக் டூ (உயர்நிலை ஒண்ணு, ரெண்டு) பசங்கன்னா வாரத்துக்கு ரெண்டு தடவ, 40 நிமிஷம், அதுலயும் பாதி ஓட்டமும் தாவலும் விளையாட்டும்தான். வாய்டு டெக்ல, அதான் பிளாக்குக்குக் கீழ இருக்குற திறந்த தளத்துல, டைல்ஸ் கோடு இருக்குல்ல, அதுதான் நம்ம லேப், ரெண்டு பாதமும் அந்தக் கோட்டு மேலயே விழுதான்னு மெதுவா நடக்க விடுங்க (அங்க வேகமா நடக்க வைக்காதீங்க, வழுக்கும், தாத்தா பாட்டிங்க வேற உக்காந்திருப்பாங்க). குதிகால் மொதல்ல, விரல் மேல தூக்கி. கை மடக்கி, முழங்கைய பின்னாடி தள்ளணும், தோள் காதுகிட்ட ஏறக் கூடாது. கைய நீட்டி காத்தாடி மாதிரி சுத்திக்கிட்டே நடக்குற டிரில் போட்டா இடுப்பு தானா சுத்தும், சொல்லி விளக்குறத விட இது சீக்கிரம் புரியும்.

ஃபோன் ஸ்லோமோ பத்தி ஒண்ணு. அதுல பாத்தா எல்லாருமே காத்துல பறக்குற மாதிரி தெரியும், உலக சாம்பியன் கூட, ஏன்னா ஜட்ஜ் பாக்குறது வெறும் கண்ணால, கேமராவால இல்ல. அதனால ஸ்லோமோவ முட்டிய பாக்க மட்டும் யூஸ் பண்ணுங்க, பக்கவாட்டுல இடுப்பு உயரத்துல ஃபோன நிறுத்தி வச்சு.

மொத சில வாரம் முன்காலு வெளிப்பக்க சதை எரியும், விரல தூக்கி நடக்குறதால, அது சகஜம். எலும்பு மேல ஒரே இடத்துல தொட்டா வலிக்குதுன்னா நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போங்க, "தாங்கிக்கடா"ன்னு சொல்லாதீங்க.

நம்ம ஊரு வெயில் உங்களுக்கே தெரியும். சூரியன் ஏழு மணிக்குத்தான் வரும், ஆறுக்கே ஆரம்பிச்சா நல்லது, ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கோ வீட்டுப் பக்கத்து பிசிஎன்னோ (பூங்காக்கள இணைக்கிற பாதை) போதும், தண்ணி புள்ளைங்க கேக்குறதுக்கு முன்னாடியே குடுங்க. இடி மின்னல் எச்சரிக்கை சைரன் அடிச்சா பேச்சே இல்ல, உள்ள போயிரணும்.

பதினஞ்சு பதினாறு வயசுல வாரத்துக்கு நாலு அஞ்சு நாள்னு ஏத்தலாம், ஓ லெவல் பரீட்சை வருஷத்துல பாதியா கொறைங்க, இல்லன்னா அம்மா முழுசா நிறுத்திருவாங்க. பையனுங்களுக்கு அதுக்கப்புறம் என்.எஸ். (தேசிய சேவை) வேற. அந்த நேரத்துல நான் சொல்ற கதை எக்வடோர் நாட்டு ஜெஃபர்சன் பெரெஸ். 1996 அட்லாண்டாவுல 20 கிலோமீட்டர்ல தங்கம், அந்த நாட்டுக்கே மொத ஒலிம்பிக் பதக்கம், 2008 பெய்ஜிங்ல 34 வயசுல வெள்ளி. குவாத்தமாலாவோட மொத ஒலிம்பிக் பதக்கமும் இதே 20 கிலோமீட்டர்தான், 2012 லண்டன்ல எரிக் பரோண்டோவோட வெள்ளி. ஸ்பிரின்ட்ல பெரிய பேரில்லாத நாடுங்க உள்ள நுழைஞ்ச கதவு இது, ரெண்டு வருஷம் என்.எஸ். போயிட்டு வந்தா மூடிராது. 2026லேர்ந்து பெரிய போட்டிகள்ல 20, 35 கிலோமீட்டருக்குப் பதிலா ஹாஃப் மாரத்தான், மாரத்தான் தூரம், அதனால சின்ன வயசுல அவசரப்பட்டு தூரத்த ஏத்தாதீங்க, அதுக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கு.

கிண்டல் நிச்சயம் வரும். வாத்து, கேட்வாக், எல்லாம் கேட்டாச்சு. தனியா ஒரு புள்ளைய விட்டா ஒரே மாசத்துல ஓடிப்போயிரும், குறைஞ்சது நாலு பேரா சேருங்க, நாலு பேரு சேந்து இடுப்ப ஆட்டிட்டு போனா பாக்குறவங்கதான் வெக்கப்படுவாங்க.

மொத போட்டிக்கு முன்னாடியே சொல்லிருங்க, ரெட் கார்டு வரலாம்னு. முடிஞ்சதும் ஜட்ஜுங்களோட ஷீட்ட கேட்டு வாங்கிப் பாருங்க, அலைக்கோடு போட்டிருந்தா கால் தரைய விட்டுச்சு, அடுத்த மாசம் வேகத்த கொறைச்சு இடுப்பு டிரில், மடங்குன கோடு போட்டிருந்தா முட்டி, தொடைக்குப் பின்சதைய நீட்டுற வேலை. புள்ளைக்கு மொதல்ல ஒரு மைலோ வாங்கிக் குடுத்துட்டு ஷீட்ட காட்டுங்க.