பழைய பாகங்களில் வேகமான ஆர்சி கார்

உதிரிப் பாகங்களை வைத்து ஆர்சி கார் (ரிமோட்டில் ஓடும் சின்னக் கார்) கட்டுகிறவர்கள் முதலில் தேடுவது பெரிய மோட்டாரைத்தான். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு: பிரஷ்லெஸ் (உள்ளே கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டாரின் கேவி எண்ணை, அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதை, பேட்டரி வோல்ட்டால் பெருக்குங்கள். சுமையில்லாமல் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று தெரிந்துவிடும். 3000 கேவி, 2 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி (7.4 வோல்ட்) என்றால் 22,200. அதே மோட்டாருக்கு 3 செல் போட்டால் 33,300! ஆனால் இஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) எத்தனை செல் தாங்கும் என்று பார்க்காமல் செருகினால் புகைதான் வரும்.

பினியனை (மோட்டார் தண்டில் மாட்டும் சின்னக் கியர்) குறைந்த பற்களில் தொடங்கி ஒவ்வொரு பல்லாக ஏற்றுங்கள். வேகத்தோடு சூடும் ஏறும். இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டாரை மெல்லத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியவில்லை என்றால் ஒரு பல் இறக்குங்கள். கியர் பற்களுக்கு நடுவே தாள் துண்டு ஒன்றை வைத்து மோட்டாரின் திருகுகளை இறுக்கி, பிறகு தாளை உருவினால் இடைவெளி கச்சிதமாக இருக்கும்.