டவுன்லோடு முடியும் வரை கம்ப்யூட்டரைத் தூங்க விடாமல் வைத்திருப்பது எப்படி

இரவு பதினொன்றரைக்கு 64 ஜிபி ஃபைல் ஒன்றை டவுன்லோடு போட்டுவிட்டுப் படுத்தேன். நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தேன், திரை அணைந்திருந்தது. சரி, பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் என்று திரும்பிப் படுத்துவிட்டேன். காலையில் லேப்டாப்பைத் தட்டி எழுப்பினால் 9 சதவீதத்தில் நிற்கிறது. ஸ்லீப்பை ‘நெவர்’ என்று வைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அப்படியும் எப்படித் தூங்கியது என்று அரை மணி நேரம் செட்டிங்ஸைக் குடைந்தேன். கடைசியில் பார்த்தால் சார்ஜர் சுவரில் சரியாக உட்காரவில்லை, அதன் சின்ன விளக்கு எரியவே இல்லை. நான் ‘நெவர்’ வைத்திருந்தது சார்ஜரில் இருக்கும் நேரத்துக்கு. பேட்டரியில் ஓடும்போது என்ன செய்ய வேண்டும் என்பது தனி அமைப்பு, அது பத்து நிமிடத்தில் இருந்தது. பத்து நிமிடம் இறக்கிவிட்டு அதுவும் என்னோடு சேர்ந்து தூங்கிவிட்டது.

அதனால் செட்டிங்ஸைத் தொடும் முன் ஐந்து விஷயங்களைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள், பாதிப் பேர் குழம்புவது இங்கேதான். திரை அணைவது ஒன்று: டிஸ்ப்ளே மட்டும் ஓய்வெடுக்கிறது, பிராசஸரும் நெட்வொர்க்கும் வேலை செய்துகொண்டே இருக்கும், டவுன்லோடுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. லாக் செய்வது இன்னொன்று: விண்டோஸ் விசையோடு ‘எல்’ அழுத்தினால் கதவு பூட்டப்படுகிறது, உள்ளே வேலை நடக்கும். சைன் அவுட் அப்படி இல்லை, நீங்கள் திறந்து வைத்த பிரவுசர் உட்பட எல்லாம் மூடப்படும், டவுன்லோடும் போகும். ஸ்லீப் என்றால் மெமரிக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் விட்டுவிட்டு மற்றதெல்லாம் நிறுத்தப்படுகிறது. ஹைபர்னேட் இன்னும் ஒரு படி மேலே போய் மெமரியில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுக்க அணைகிறது. நாம் தடுக்க வேண்டியது இந்தக் கடைசி இரண்டையும்தான். திரையைத் தாராளமாக அணைய விடுங்கள். விடிய விடிய திரையை எரிய வைப்பதில் ஒரு லாபமும் இல்லை.

எவ்வளவு நேரம் விழித்திருக்க வேண்டும் என்றும் முதலிலேயே கணக்குப் போட்டுவிடலாம். இணைய வேகத்தைச் சொல்வது மெகாபிட்டில், ஃபைலின் அளவு ஜிகாபைட்டில், நடுவில் 8 என்ற எண் இருக்கிறது (8 பிட் சேர்ந்தால் ஒரு பைட்). 40 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 40 மெகாபிட் இணைப்பு என்றால் விநாடிக்கு 5 மெகாபைட். 100 ஜிபி இறங்க 20,000 விநாடி, அதாவது ஐந்தரை மணி நேரம். அதுவும் அந்தப் பக்கத்து சர்வர் முழு வேகத்தில் கொடுத்தால். நான் எப்போதும் இதோடு பாதியைக் கூட்டித்தான் நேரம் வைப்பேன்.

விண்டோஸ்

எல்லோரும் சொல்லும் வழி: செட்டிங்ஸ், சிஸ்டம், அங்கே விண்டோஸ் 10-இல் ‘பவர் அண்ட் ஸ்லீப்’, விண்டோஸ் 11-இல் ‘பவர் அண்ட் பேட்டரி’ என்று இருக்கும் (டெஸ்க்டாப்பில் வெறும் ‘பவர்’). அதில் ஸ்லீப் நேரத்தை ‘நெவர்’ ஆக்குங்கள், ‘ப்ளக்டு இன்’, ‘ஆன் பேட்டரி’ இரண்டையும் பார்த்தபடி. பேட்டரியிலும் ‘நெவர்’ வைக்கலாமா என்றால், ஒரு ராத்திரிக்கு வைக்கலாம். பேட்டரி அபாய அளவுக்கு இறங்கினால் அது எப்படியும் தானாக அணைந்துகொள்ளும். கொஞ்ச நேரம் மின்சாரம் போய் வந்தால் இந்த இரண்டாவது அமைப்புதான் உங்களைக் காப்பாற்றும். இல்லாவிட்டால் கரண்ட் போன பத்தாவது நிமிடம் தூங்கிய லேப்டாப், கரண்ட் வந்த பிறகும் தூங்கிக்கொண்டே இருக்கும்.

இந்த வழி வேலை செய்யும், ஆனால் எனக்குப் பிடிக்காது. ஏனென்றால் யாரும் மறுநாள் அதைத் திருப்பி மாற்றுவதில்லை. பிறகு இரண்டு மாதம் கழித்து ‘பேட்டரி சீக்கிரம் தீர்கிறது’ என்று புலம்புவோம்.

இதைவிட நல்லது மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் என்ற தொகுப்பு. அதற்குள் ‘அவேக்’ என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. காலவரையின்றி விழித்திரு, இத்தனை மணி நேரம் விழித்திரு, இன்ன நேரம் வரை விழித்திரு என்று மூன்று விதமாகச் சொல்லலாம். திரையை எரிய வைக்கவா வேண்டாமா என்பது தனித் தேர்வு, அதை ஆஃப் செய்தே வையுங்கள். இதன் அழகு என்னவென்றால் உங்கள் பவர் அமைப்புகளை அது தொடுவதே இல்லை, தான் ஓடும் வரை ‘இங்கே வேலை நடக்கிறது, தூங்காதே’ என்று விண்டோஸிடம் வேண்டுகோள் வைக்கிறது, அவ்வளவுதான். எட்டு மணி நேரம் என்று வைத்தால் எட்டு மணி நேரம் கழித்து எல்லாம் பழையபடி.

உண்மையிலேயே யாராவது அப்படி வேண்டுகோள் வைத்திருக்கிறார்களா என்று நேரடியாகவே பார்க்க முடியும். கமாண்ட் ப்ராம்ட்டை (கட்டளைகளைத் தட்டும் ஜன்னல்) அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளை இடைவெளி இல்லாமல் ஒட்டி, பிறகு ஓர் இடைவெளி, ஒரு முன்சாய்வுக் கோடு, ரிக்வெஸ்ட்ஸ் என்று தட்டி என்டர் அழுத்துங்கள். டிஸ்ப்ளே, சிஸ்டம் என்று தலைப்புத் தலைப்பாக வரும். ‘சிஸ்டம்’ என்பதன் கீழ் ஏதாவது நிரலின் பெயர் இருந்தால் அது கம்ப்யூட்டரை விழிக்க வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். எதுவும் இல்லை என்று வந்தால் நேரம் வந்ததும் உங்கள் கம்ப்யூட்டர் தூங்கப் போகிறது. சில டவுன்லோடு நிரல்கள் இந்த வேண்டுகோளைத் தாங்களாகவே வைத்துவிடும், சில வைக்காது. நம்பிக்கொண்டு படுப்பதைவிட ஒருமுறை பார்த்துவிடுவது மேல்.

ஒரு பொறி இருக்கிறது. ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’ (ஃபோன்போல அரைத்தூக்கத்தில் இருக்கும் ஸ்லீப் வகை) உள்ள லேப்டாப்களில், பேட்டரியில் ஓடும்போது, ஸ்லீப் நேரம் தாண்டி ஐந்து நிமிடம் ஆனதும் விண்டோஸ் இந்த வேண்டுகோள்களைத் தூக்கிப் போட்டுவிடும். ஆக அவேக் ஓடிக்கொண்டிருந்தாலும் சார்ஜர் கழன்றிருந்தால் என் கதைதான். உங்களுடையது அந்த வகையா என்று தெரிய, மேலே சொன்ன அதே கமாண்டில் ரிக்வெஸ்ட்ஸ் என்பதற்குப் பதில் ‘ஏ’ என்ற ஒற்றை எழுத்தைப் போட்டால் கம்ப்யூட்டருக்குத் தெரிந்த தூக்க வகைகள் எல்லாம் வரிசையாக வரும். கிடைக்கும் வகைகளில் ‘எஸ்0’ என்று இருந்தால் அந்த வகைதான்.

மூடியை மூடினால் என்ன ஆகும் என்பது வேறொரு இடத்தில் ஒளிந்திருக்கிறது. கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், இடது பக்கத்தில் ‘மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்று தேர்வு செய்’ என்ற பொருளில் ஓர் இணைப்பு. அதில் ‘டூ நத்திங்’. அவேக் போன்ற கருவிகளால் மூடியைத் தடுக்க முடியாது, நீங்கள் கையால் மூடுவதை ‘தூங்கு’ என்ற நேரடிக் கட்டளையாகவே விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். என்னைக் கேட்டால் மூடியைத் திறந்தே வைத்துவிடுங்கள், காற்றோட்டமும் நன்றாக இருக்கும். மெத்தை மேல் மட்டும் வைக்காதீர்கள்.

அலுவலகக் கம்ப்யூட்டரில் இந்த அமைப்புகள் சாம்பல் நிறத்தில் செயலிழந்து கிடந்தால் அது நிர்வாகத்தின் பூட்டு. அதைச் சுற்றிப் போக மவுஸை ஆட்டும் நிரல்களைத் தேடுவதைவிட ஐடி பிரிவில் ஒரு வார்த்தை கேட்பது உத்தமம்.

மேக்

இங்கே வேலை சுலபம். டெர்மினலை (மேக்கின் கட்டளை ஜன்னல்) திறந்து ‘கேஃபினேட்’ என்று தட்டினால் போதும், காபியில் இருக்கும் கேஃபீனிலிருந்து வந்த பெயர். தனியாக எதையும் நிறுவ வேண்டாம், கூடவே வருகிறது. அதோடு கழித்தல் குறியும் ‘ஐ’ எழுத்தும் சேர்த்தால், சும்மா கிடக்கும்போது தூங்குவதைத் தடுக்கும், திரை தன் பாட்டுக்கு அணையும். கழித்தல் குறி ‘டி’ எழுத்து சேர்த்து விநாடிக் கணக்கையும் கொடுக்கலாம் (ஆங்கில அகரவரிசையில் எஸ்-ஐ அடுத்து வரும் ‘டி’, நான்காவது எழுத்து அல்ல, அதைப் போட்டால் திரை அணையாமல் எரியும்). 28,800 என்று கொடுத்தால் எட்டு மணி நேரம். நேரம் கொடுக்கவில்லை என்றால் கண்ட்ரோல், சி அழுத்தும் வரை விழித்திருக்கும். டெர்மினலிலேயே கர்ல் போன்றவற்றால் டவுன்லோடு செய்பவர் என்றால் அந்தக் கட்டளைக்கு முன்னால் கேஃபினேட்டை ஒட்டிவிடுங்கள், டவுன்லோடு முடிந்த அடுத்த நொடி அதுவும் விலகிக்கொள்ளும். எனக்குத் தெரிந்து இதைவிடச் சுத்தமான வழி கிடையாது.

டெர்மினல் வேண்டாம் என்பவர்கள் சிஸ்டம் செட்டிங்ஸில் பேட்டரி, ஆப்ஷன்ஸ் போனால், சார்ஜரில் இருக்கும்போது திரை அணைந்தாலும் தூங்காதே என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. மேக்புக்கின் மூடியை மூடினால் மட்டும், வெளி மானிட்டர் இணைக்கப்படாத வரை, அது தூங்கும். வாதம் செய்யாதீர்கள், திறந்து வையுங்கள்.

லினக்ஸ்

க்னோம் என்ற டெஸ்க்டாப் வகையில் செட்டிங்ஸ், பவர், ‘ஆட்டோமேட்டிக் சஸ்பெண்ட்’. இங்கும் பேட்டரிக்கும் சார்ஜருக்கும் தனித்தனி. கேடிஇ என்ற இன்னொரு வகை என்றால் பேட்டரி ஐகானைத் தட்டியதும் தூக்கத்தைக் கையால் தடுக்கும் சுவிட்ச் அங்கேயே இருக்கும். டெர்மினல் பழக்கம் உள்ளவர்களுக்கு சிஸ்டம்டி-இன்ஹிபிட் இருக்கிறது, மேக்கில் சொன்ன அதே கதை: அதை முன்னால் எழுதி, பின்னால் வ்கெட் (டெர்மினலிலிருந்து டவுன்லோடு செய்யும் நிரல்) கட்டளையை எழுதினால் வ்கெட் முடியும் வரை தூக்கத்துக்குத் தடை.

தூக்கம் மட்டுமே எதிரி இல்லை

கம்ப்யூட்டர் விழித்திருந்தும் டவுன்லோடு நின்றுபோவது உண்டு. முதல் சந்தேகம் வைஃபை. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரின் பண்புகளைத் திறந்தால் பல லேப்டாப்களில் ‘பவர் மேனேஜ்மென்ட்’ என்று ஒரு தாவல் இருக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைத்துக்கொள்ளலாம் என்று அதில் டிக் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். கேபிள் போட முடிந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

அடுத்தது விண்டோஸ் அப்டேட். நடுராத்திரி மூன்று மணிக்கு ரீஸ்டார்ட் ஆகிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் லாகின் திரையைக் காட்டும். ‘ஆக்டிவ் ஹவர்ஸ்’ என்பதை அதிகபட்சம் 18 மணி நேரம் வரை வைக்கலாம், அதில் உங்கள் இரவு அடங்கும்படி பாருங்கள். இன்னும் எளிது, அப்டேட்டையே ஒரு வாரம் பாஸ் செய்துவிடுவது. டவுன்லோடு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இறங்குகிறது என்றால் அந்த டிஸ்க் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யப்பட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், 4 ஜிபி-க்கு மேற்பட்ட ஒரே ஃபைலை அது ஏற்காது. என்னதான் விழித்திருந்தாலும் ஃபைல் முழுமையாக இறங்காது.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது நடக்கும், அதனால் விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய முறையில் டவுன்லோடு செய்யுங்கள். டொரண்ட் என்றால் ஃபைல் துண்டு துண்டாக இறங்கி ஒவ்வொரு துண்டும் தனியாகச் சரிபார்க்கப்படுவதால் நின்றாலும் பெரிய நஷ்டம் இல்லை. க்யூபிட்டொரண்ட் என்ற டொரண்ட் நிரலில், இறங்கும்போது கம்ப்யூட்டர் தூங்கக் கூடாது என்ற தேர்வும் அமைப்புகளிலேயே இருக்கிறது, முடிந்ததும் ஷட்டவுன் ஆக வைக்கவும் முடியும். சாதாரண இணைப்பு என்றால் சர்வர் அனுமதிக்க வேண்டும். அனுமதித்தால் வ்கெட்டில் கழித்தல் குறி ‘சி’ போட்டு அதே கட்டளையை மறுபடி ஓட்டினால் மீதியை மட்டும் இறக்கும். லாகின் செய்து எடுக்கும் சில இணைப்புகள் சில மணி நேரத்தில் காலாவதியாகிவிடும், அவற்றில் நின்றால் பெரும்பாலும் முதலிலிருந்துதான். அந்த மாதிரி ஃபைல்களைப் பகலில், பக்கத்தில் இருக்கும்போது போடுங்கள்.

படுக்கும் முன் ஒரு சோதனை. எத்தனை ஜிபி இறங்கியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, திரையை அணைய விட்டு, உங்கள் ஸ்லீப் நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருங்கள். இருபது நிமிடம் என்று வையுங்கள். விநாடிக்கு 5 மெகாபைட் என்றால் அந்த இருபது நிமிடத்தில் 6 ஜிபி கூடியிருக்க வேண்டும். கூடியிருந்தால் நிம்மதியாகப் படுக்கலாம். எண் அப்படியே நின்றால், முதலில் சார்ஜர் விளக்கைப் பாருங்கள்.

காலையில் வேலை முடிந்ததும் மூடி அமைப்பை மாற்றியிருந்தால் அதை மட்டுமாவது உடனே பழையபடி வைத்துவிடுங்கள். ஒருமுறை மறந்துபோய் மூடிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பையில் கை விட்டால் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதுபோல் இருந்தது, உள்ளே விசிறி அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது.