மொட்டை மாடியில் சோலார் போடலாமா? முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

சோலார்க்காரருக்குப் போன் போடுவதற்கு முன் ஒரு வருடத்துக் கரண்ட் பில்லை எடுத்து வையுங்கள்.

1. பில்லைப் பாருங்கள்

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டுகிறதா? முதல் 100 இலவசம். 500-ஐத் தாண்டிவிட்டால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரைக்கும் சேர்த்து விலை ஏறிவிடும். 300-க்குள் நிற்கிற வீட்டுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றே சொல்வேன். ஏசி ஓடி 700, 800 போகிறதா, தாராளமாகப் போடலாம். ஒரு கிலோவாட் சோலார் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். அதற்கு 100 சதுர அடி இடம் வேண்டும்.

2. நிழலைப் பாருங்கள்

பலர் கோட்டை விடுவது இங்கேதான். சித்திரையில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் அடிக்கும். அப்போது வந்து மாடியை அளப்பவர் கண்ணுக்கு நிழலே தெரியாது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். மாடிக்கு மேல் 20 அடி நிற்கிற தென்னை, நடுப்பகலிலேயே வடக்கே 14 அடிக்கு நிழல் போடும். காலை 9 மணிக்கு அதன் உயரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல், வடமேற்கே நீளும். பேனல்களை வரிசையாகக் கோத்திருப்பார்கள். ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசையின் உற்பத்தியே இறங்கும், ஓஸ் பைப்பை ஓரிடத்தில் மிதித்த மாதிரி.

மார்கழி, தை மாதத்தில் 9, 12, 3 மணிக்கு மாடி ஏறி நிழலின் ஓரத்தைச் சாக்பீஸால் கோடு போடுங்கள். தண்ணீர் டேங்க், படிக்கட்டு அறை, தெற்கு வீட்டுக்காரர் எழுப்பப்போகும் மாடி எல்லாம் கணக்கில் வரட்டும். சூரியன் போகும் பாதையைக் காட்ட மொபைல் ஆப்கள் உண்டு. எனக்குச் சாக்பீஸ் கோட்டின் மேல்தான் நம்பிக்கை.

3. காற்று

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேனலுக்கு அடியில் வத்தல் காயப்போட இடம் வேண்டுமென்று ஆள் உயர ஸ்டாண்டு கேட்காதீர்கள். உயரம் கூடக்கூடக் காற்றின் பிடியும் கூடும். தாழ்வான ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ஸ்டாண்டே போதும்.

4. மானியம்

வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு தரும் பி.எம். சூர்யா கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2-க்கு ரூ.60,000, 3-க்கும் அதற்கு மேலும் ரூ.78,000. பேனல் மட்டுமல்ல, அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியத் தயாரிப்பாக இருக்க வேண்டும். எல்லாம் மாட்டி ஓடத் தொடங்கிய பிறகே பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும்.

பின்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் அதிகம் கேட்டது, கரண்ட் போனால் சோலார் ஓடுமா என்று. பேட்டரி இல்லாத இணைப்பு நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேன் மீது நம் வீட்டுக் கரண்ட் பாயக்கூடாது என்பதற்காகவே அப்படி. இன்னொன்று, போர்வெல் உப்புத்தண்ணியில் பேனலைக் கழுவினால் வெள்ளைப் படிவு ஏறிவிடும். நல்ல தண்ணீரில், வெயில் ஏறுவதற்கு முன் கழுவுங்கள்.