நீட்சிக் கணக்கில் நுழையும் பிழைகள்: அச்சு விசை தாங்கும் உலோகத் தண்டுகள்

அச்சு வழியே இழுக்கப்படும் உலோகத் தண்டின் நீட்சியைக் காண, விசையை நீளத்தால் பெருக்கி, அதைக் குறுக்குவெட்டுப் பரப்பு, யங் குணகம் (பொருளின் விறைப்பைக் காட்டும் அளவு) ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் போதும். சூத்திரம் சிறியது, ஆனால் அதில் இடும் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு நிபந்தனை உண்டு என்பதை மாணவர் பலர் கவனிப்பதில்லை.

மிகவும் கேடு விளைவிப்பது வலிமையையும் விறைப்பையும் ஒன்றாக எண்ணும் தவறு. நீட்சி அதிகமாக இருக்கிறது என்று எஃப்இ 250 எஃகுக் கம்பியை நீக்கிவிட்டு, அதே விட்டமுள்ள, வலிமை மிகுந்த எஃப்இ 500 எஃகுக் கம்பியை இட்டால் நீட்சி சிறிதும் குறையாது. தகைவு என்பது ஓர் அலகுப் பரப்பு தாங்கும் விசை; எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் நெகிழ்வுத் தகைவு சதுர மி.மீ.க்கு 250 நியூட்டனிலிருந்து 500 ஆக இரு மடங்காகிறதே தவிர, இரண்டுக்கும் யங் குணகம் சதுர மி.மீ.க்கு ஏறக்குறைய 2,00,000 நியூட்டன்தான். நீட்சியைக் குறைக்கப் பரப்பைக் கூட்ட வேண்டும், அல்லது நீளத்தைக் குறைக்க வேண்டும். அலுமினியத்துக்கு அக்குணகம் சுமார் 70,000 என்பதால், அதே அளவுள்ள தண்டில் தகைவு மாறாமலே நீட்சி மட்டும் மூன்று மடங்கை நெருங்கும்.

20 மி.மீ. விட்டமும் 2 மீட்டர் நீளமும் கொண்ட எஃகுத் தண்டை 40 கிலோநியூட்டன் விசை இழுக்கிறது என்று கொள்வோம். பரப்பு 314 சதுர மி.மீ., தகைவு சதுர மி.மீ.க்கு 127 நியூட்டன், நீட்சி 1.27 மி.மீ. விட்டத்தை ஆரமாகக் கருதிவிட்டால் தகைவு 32 ஆகக் குறைந்து, ஆபத்தான தண்டும் பாதுகாப்பானதாகத் தெரியும். முனையில் எம் 20 மரை (20 மி.மீ. வெளிவிட்டமுள்ள திருகுப் புரி) வெட்டியிருந்தால் அங்கே இழுவிசை தாங்கும் பரப்பு 245 சதுர மி.மீ. மட்டுமே, தகைவு 163 ஆகும். வலிமையைச் சரிபார்க்க வேண்டிய இடம் அதுவே.

பல இடங்களில் விசை செயல்படும் தண்டில், வெளிவிசையையே உள்விசையாக (தண்டின் வெட்டுமுகத்தில் எழும் விசையாக) எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. இடமுனை பொருத்தப்பட்ட தண்டின் வலமுனையில் 30 கிலோநியூட்டன் வலப்புறமாகவும், நடுவில் 10 கிலோநியூட்டன் இடப்புறமாகவும் செயல்பட்டால், வலப்பாதியின் உள்விசை 30, இடப்பாதியின் உள்விசை 20. இடப்பாதிக்கு 10 என்று எழுதுவோர் பலர். ஒவ்வொரு பகுதியையும் வெட்டிப் பார்த்துச் சமநிலை எழுதாமல் இதைத் தவிர்க்க முடியாது.

திரிபு (நீளத்தோடு ஒப்பிட்ட நீள மாற்றம்) இருந்தால் தகைவும் இருந்தே தீரும் என்பதும் சரியன்று. தடையின்றி விரியும் எஃகுத் தண்டைச் சீராகச் சூடேற்றினால் திரிபு உண்டு, தகைவு இல்லை. அதே தண்டின் இரு முனைகளையும் அசையாதபடி பிணைத்து வெப்பநிலையை 30 பாகை உயர்த்தினால், நீளம் மாறாமலே சதுர மி.மீ.க்கு சுமார் 72 நியூட்டன் அமுக்கத் தகைவு எழும்; தண்டு மெலிந்ததாயின், நெகிழ்வுக்கு வெகு முன்னரே வளைந்து விலகவும் கூடும்.

கடைசியாக, வந்த தகைவை நெகிழ்வுத் தகைவோடு ஒப்பிடாமல் நீட்சியை எழுதக் கூடாது. எஃப்இ 250 எஃகில் சதுர மி.மீ.க்கு 300 நியூட்டன் தகைவு வந்தால், 2 மீட்டருக்குச் சூத்திரம் 3 மி.மீ. என்று காட்டும், உண்மையில் தண்டு 2.5 மி.மீ. அளவிலேயே நெகிழத் தொடங்கி, அதன்பின் இந்தச் சூத்திரத்துக்குக் கட்டுப்படாத அளவுக்கு நிரந்தரமாக நீண்டிருக்கும்.