வீட்டு மொய் நோட்டை வைத்து 1991-ஐச் சொல்லிக் கொடுப்பது எப்படி

பிள்ளைகளுக்கு 1991-ஐப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் தேதிப் பட்டியலோடு தொடங்காதீர்கள், முதலில் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் மொய் நோட்டை எடுங்கள். எங்கள் சித்தி கல்யாணம் கோபி பக்கம், மே 22-ல். நோட்டில் ஒன்றரைப் பக்கம்தான் எழுதியிருக்கிறது, அதுவும் எல்லாம் உள்ளூர்ப் பெயர்கள். ஏனென்று அம்மிச்சியிடம் கேட்டால், "பஸ்ஸே ஓடல சாமி, ஆக்குன சோறு அப்படியே கெடந்துச்சு" என்கிறார். முந்தின நாள் இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டிருந்தார். இப்படி ஒரு நாள் மனதில் நின்றுவிட்டால் மற்றதை முன்னும் பின்னும் கோத்துவிடலாம்.

முன்னால் வளைகுடாப் போர்: ஜனவரி 17-ல் குண்டுவீச்சு, பிப்ரவரி 28-ல் சண்டை நிறுத்தம். சரி, அது போதும்.

ஜூலைக்குத்தான் நேரம் ஒதுக்குங்கள். நகையை அடகு வைக்காத வீடு ஏது, அதை வைத்தே விளக்கலாம்: அந்நியச் செலாவணி கரைந்துபோய், இறக்குமதிக்குப் பணம் கட்டவே திணறிய நாடு, சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தது. ஜூலை 1, 3 என இரண்டு முறை ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. டாலருக்கு பனியன் விற்கும் திருப்பூர்க்காரருக்கு அது ஏன் லாபம், வெளிநாட்டு மெஷின் வாங்குகிறவருக்கு ஏன் கூடுதல் செலவு என்று பிள்ளையையே கணக்குப் போடச் சொல்லுங்கள். அப்புறம் ஜூலை 24, அப்போது நிதியமைச்சராக இருந்த மன்மோகன் சிங்கின் பட்ஜெட்.

கடைசியாக டிசம்பர் 25: சோவியத் அதிபர் கோர்பச்சேவ் பதவி விலகினார், கிரெம்ளினில் சோவியத் கொடி இறங்கியது. பழைய உலகப்படம் கிடைத்தால், பிரிந்துபோன 15 நாடுகளையும் பென்சிலால் வரைய விடுங்கள். அம்மிச்சி சொன்னதை மட்டும் அவர் சொன்ன மாதிரியே எழுதி வையுங்கள், திருத்த வேண்டாம்.