தடுப்பூசிக்கு வரும் குழந்தையின் கையில் படப்புத்தகம்: சிறு மருத்துவமனைகளுக்கான வழிமுறை

வீட்டில் ஒரு கதைப்புத்தகம்கூட இல்லாத குழந்தையையும் தடுப்பூசிக்காகப் பெற்றோர் தவறாமல் தூக்கி வந்துவிடுகிறார்கள். இந்த நடைமுறை உண்மையை நம்பித்தான் 1989-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் 'ரீச் அவுட் அண்ட் ரீட்' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை நலப் பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் வயதுக்கேற்ற புதிய புத்தகம் ஒன்று, பெற்றோருக்குச் சுருக்கமான ஆலோசனை, காத்திருக்கும் இடத்தில் உரக்க வாசித்துக் காட்டும் தன்னார்வலர் ஆகியவையே அதன் தொடக்ககால வடிவின் உறுப்புகள். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும், வசதி குறைந்த பகுதியில் இயங்கும் சிறு கிளினிக்கிலும் இதைச் செய்ய முடியும்.

முதலில் நாள்களை வகுத்துக்கொள்ள வேண்டும். ஆறு, பத்து, பதினான்காம் வாரத் தடுப்பூசிகளின்போது புத்தகம் தேவையில்லை. குழந்தையின் முகம் பார்த்துப் பேசுவதும் தாலாட்டுப் பாடுவதும் மொழிக்கான தொடக்கம் என்று தாயிடம் சொன்னால் போதும். ஒன்பது மாதத்தில் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு வரும்போது முதல் புத்தகத்தையும், ஒன்றரை வயதை ஒட்டிய ஊக்கத் தவணையின் (பூஸ்டர் ஊசி) போது இரண்டாவதையும் தரலாம். அதன்பின் ஐந்து வயது வரை ஊசி இல்லாத நீண்ட இடைவெளி வருகிறது. அதை நிரப்ப, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரப்படும் வைட்டமின் ஏ திரவத்தோடு புத்தகத்தையும் இணைத்துவிடலாம். அத்திரவம் அங்கன்வாடியில் கொடுக்கப்படும் ஊர்களில் புத்தகமும் அங்கேதான் போக வேண்டும்.

புத்தகத்தை ஊசி போட்டு முடித்தபின் அழுகையை நிறுத்தும் பரிசாகக் கொடுப்பது பலருக்கும் இயல்பாகத் தோன்றும். அது வேண்டாம். பரிசோதனையின் தொடக்கத்திலேயே, மருத்துவரே தம் கையால் நீட்ட வேண்டும். ஏனெனில் குழந்தை அதை என்ன செய்கிறது என்பதே ஒரு வளர்ச்சிப் பரிசோதனை. ஒன்பது மாதக் குழந்தை எட்டிப் பிடித்து நேராக வாயில் வைக்கும். அது சேதமன்று, அந்த வயதின் வாசிப்பு. ஒன்றரை வயதுக் குழந்தை தடித்த தாளைத் தானே புரட்டும், "நாய் எங்கே?" என்றால் படத்தின்மேல் விரல் வைக்கும், பிடித்த படத்தைத் தாயிடம் திருப்பிக் காட்டும். இவற்றில் எதையும் செய்யாத, கூப்பிட்டால் திரும்பாத குழந்தையைக் கண்டால், காது கேட்கும் திறனையும் வளர்ச்சியையும் சோதிக்க மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பத் தயங்கக் கூடாது.

அடுத்தது ஆலோசனை. "வீட்டில் படித்துக் காட்டுகிறீர்களா?" என்ற கேள்வி எழுத்தறியாத தாயைத் தலைகுனிய வைத்துவிடும். மாறாக, "இந்தப் பக்கத்தில் என்னம்மா தெரியுது? பாப்பாகிட்ட சொல்லுங்க" என்று புத்தகத்தை அவர் மடியில் விரித்துவிட்டு, அரை நிமிடம் பேசாமல் பார்த்திருந்தால் மீதியை அவரே செய்வார். எழுத்தைத் தொடாமல் படத்தை வைத்தே கதை சொல்லலாம் என்பதை வாயால் விளக்குவதைவிட இப்படிச் செய்ய வைப்பதே பலன் தரும். உடன் வந்திருக்கும் ஆயாவையோ அப்பாவையோ ஒதுக்கிவிடவும் கூடாது. வீட்டில் தெலுங்கோ ஒடியாவோ பேசினால், அந்த மொழியிலேயே சொல்லும்படி வற்புறுத்துங்கள். தமிழோ ஆங்கிலமோதான் 'படிப்பு' என்ற எண்ணத்தை அன்றே களைவது நல்லது.

புத்தகத் தேர்வில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: வீட்டில் தேங்கிய பழைய பாடநூல்களையும் ஆங்கில அகரவரிசை அட்டைகளையும் நன்கொடையாக ஏற்காதீர்கள். இரண்டு வயதுக்குள் தடித்த அட்டைத் தாளும், பக்கத்துக்கு ஓரிரு படமும் உள்ளவை வேண்டும்; பிறகு சிறு கதைகள். சென்னையின் தூலிகா பதிப்பகமும் நேஷனல் புக் டிரஸ்டும் தமிழில் சிறார் படநூல்கள் வெளியிடுகின்றன. பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ் உள்ளிட்ட பல மொழிக் கதைகள் திறந்த உரிமத்தில் கிடைப்பதால், எழுதியவர், வரைந்தவர் பெயர்களோடு அச்சிட்டுக்கொள்ளலாம். அப்படி அச்சிடும்போது ஸ்டேப்ளர் பின் அடிக்காமல் நூலால் தைத்துவிடுங்கள். வாயில் வைக்கும் வயதில் கழன்ற பின் ஆபத்து.

காத்திருக்கும் இடத்தில் ஒரு பாய், துடைத்து வைத்த சில புத்தகங்கள், கல்லூரி மாணவர் ஒருவர் இருந்தால் நல்லது. ஆள் கிடைக்கவில்லை என்பதற்காகத் திட்டத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

புத்தகம் தந்ததைத் தாய் சேய் நல அட்டையின் ஓரத்தில் தேதியோடு குறித்தால், வீட்டுக்குப் போகும் கிராம சுகாதார செவிலியர் அதைப் பற்றி விசாரிக்க வசதியாக இருக்கும். கையிருப்பு குறைந்தால் எல்லா வயதினருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட வேண்டாம். ஒன்பது மாதத் தவணைக்கு வரும் அனைவருக்கும் முதலில் உறுதி செய்துவிட்டு, அதன்பின் மற்ற வயதுகளுக்கு விரியுங்கள். ஒரே வரிசையில் நிற்கும் இரண்டு தாய்மாரில் ஒருவருக்குத் தந்து மற்றவரை வெறுங்கையோடு அனுப்பும் நிலை மட்டும் வரக் கூடாது.